பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம்

எங்கள் அண்ணன் வியாகுலம் இருபத்தாறு வருடமாகக் கொத்தனார். காரிமங்கலம் பக்கம் அவர் போட்ட மாடி எதுவும் ஒழுகியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் அவரிடம் சித்தாளாகப் பதினைந்து வருடம் சுமந்தவள்தான். சென்ட்ரிங் பலகையில் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தால் கான்கிரீட் கொட்ட விடமாட்டார். கம்பிக்கு அடியில் சின்னச் சின்ன சிமெண்ட் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்த பிறகுதான் மிக்சரை ஓட்டச் சொல்வார். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது. சோற்றுக்குக்கூட இறங்க மாட்டார்.

அவர் குடும்பம் மட்டும் ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருந்தது. மழை வந்தால் போல்ட் ஓட்டை வழியாகச் சொட்டும். அண்ணி புஷ்பமேரி கட்டில் பக்கத்தில் ஒரு அலுமினியக் குண்டானை வைப்பார்.

"ஊர் வூட்டுக்கெல்லாம் ஒழுகாம போடறீங்க. ஒரு மழைக்காவது இந்தக் குண்டானுக்கு லீவு வுடுங்க."

போன தவக்காலத்தில் பக்கத்திலேயே வீடு எழுப்பி, ஒரு சனிக்கிழமை மேலே கான்கிரீட் போட்டோம். ஆட்களுக்கு அண்ணிதான் சோறாக்கினார். தவக்காலம் என்பதால் முட்டைக் குழம்புதான். "ஈஸ்டருக்குக் கறி போடறேன், கோச்சுக்காதீங்க" என்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து, மாடியில் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பதினான்கு நாள் அது வற்றக் கூடாது. திங்கட்கிழமை விடியும்போது அண்ணிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே ஆண்டவர் அழைத்துக்கொண்டார்.

அண்ணன் அழவில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டி வாசலில் இருக்கிறது. நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் எழுந்து தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"பொண்டாட்டி கெடக்கறா, இந்த மனுசனுக்கு மேல என்ன வேலை?" என்றார் பக்கத்து வீட்டு மாதம்மாள், எல்லார் காதிலும் விழும்படி.

நான் ஏணியடியில் போய் நின்றேன். "அண்ணா, எறங்கி வாங்க. பங்குச்சாமியார் வர்ற நேரம்."

"வெயில் ஏறுதும்மா. காஞ்சா வெடிச்சிடும். அவளுக்கு ஒழுகக் கூடாது."

அவளுக்கு என்றார். நான் போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் அண்ணியின் தம்பி அந்தோணி பிரகாஷ் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன மாமா, இப்படி வாட்டமா இருந்தா எப்படி? ஒரு வாய் காப்பியாவது குடிங்க."

அண்ணன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். "வாட்டம் இன்னும் குடுக்கலப்பா. ஓடு பதிக்கறப்பதான் வரும். பத்தடிக்கு ரெண்டு இஞ்சு குடுத்துடுவேன்."

மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட மாடியில் கொடுக்கும் சரிவைத்தான் எங்கள் வேலையில் வாட்டம் என்போம். பிரகாஷ் என்னைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. காப்பி ஆறிப்போனது.

பதினான்கு நாளும் பாத்தியை வற்றவிடவில்லை. அப்புறம் பலகை பிரித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் அடித்து, மேலே தட்டு ஓடு பதித்தார். ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, பிடிக்காமல், பதித்த ஓடுகளை மூன்று முறை பெயர்த்தார். பங்குச்சாமியார் வந்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போனார். ஈஸ்டர் வந்து போயிருந்தது. கறி யாரும் ஆக்கவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் முதல் மழை பிடித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். புது வீட்டுக்குள் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டில் பக்கத்தில் தரையில் அந்தக் குண்டான்.

"இது எதுக்குங்கண்ணா?"

"மழை வந்துச்சு. வெச்சிட்டேன்."

வெளியே மாடிக் குழாயில் தண்ணீர் ஒரே வீச்சாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் மாதாவிடம் மனதுக்குள் வேண்டியபடியே சுவரோரம் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் போலப் பெய்தது.

விட்டதும் அவர் குனிந்து குண்டானுக்குள் கையை விட்டுத் தடவினார். விரல்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார். காய்ந்திருந்தன.

"லீவு வுட்டாச்சு" என்றார்.

குண்டானை எடுத்து, அண்ணி எப்போதும் வைக்கிற கட்டில் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தார்.