வீட்டு சர்வரில் வைத்த குரல்

புற்றுநோய், என் மனைவியின் குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று மதுரை மருத்துவர் சொன்னபோது எங்கள் மகளுக்கு மூன்று வயது. என் மனைவி திருச்சுழியில் ஒரு பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க வகுப்பில் பேசிவிட்டு, பஸ்ஸில் அருப்புக்கோட்டை வந்து இறங்கிய பிறகும் பேச்சு ஓயாதவள். அன்று மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, பாப்பாவுக்கு என் சத்தம் நெனப்பிருக்குமா?" என்று கேட்டாள்.

அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அத்தனை நாளும் போனில் பேசிப் பதிவு செய்தாள். கதைகள், வாய்ப்பாடு, மகளைச் சாப்பிடக் கூப்பிடுவது, இனி வரப்போகும் பிறந்த நாள்களுக்கு ஒவ்வொன்று. தொண்டை கட்டினால் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் தொடங்குவாள்.

எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழில். கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நிறுவி, எல்லாவற்றையும் சேமித்துவைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்திருந்தேன். நம் வீட்டுப் படங்களையும் பேச்சையும் ஏதோ ஒரு கம்பெனியிடம் ஏன் கொடுத்துவைக்க வேண்டும் என்ற எண்ணம். பழைய வீடியோக்களோடு அவள் பதிவு செய்ததெல்லாம் தானாக அதில் ஏறியது. போனில் இடம் இல்லாததால், ஏறியவை போனிலிருந்து அழிந்துவிடும்படியும் செய்திருந்தேன்.

"பத்திரமா இருக்குமாங்க?"

"ரெண்டு எடத்துல இருக்கு. பயப்படாத."

இரண்டு இடம் இல்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள், ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் இடி விழுந்தது. சர்வரிலிருந்து கருகல் வாடை வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இடி இடித்தால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள் என்று கடைக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்பவன் நான். டிஸ்க்குகளைச் சென்னையில் அழிந்த பதிவுகளை மீட்டுத் தரும் ஒரு கடைக்கு அனுப்பிப் பார்த்தேன். எதையும் மீட்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அவளிடம் சொன்னேன். நோட்டை எடுத்து, "எல்லாமேவா?" என்று எழுதினாள். தலையசைத்தேன். பிறகு எழுதினாள்: "உங்களத் திட்டக்கூட முடியலயே."

பரளச்சியில் விவசாயம் பார்க்கும் மச்சினனிடம் ஓடினேன். அக்கா எப்போதோ அனுப்பிய குரல் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று அவன் தன் போனை முழுக்கத் தேடினான். "ஒண்ணே ஒண்ணு கெடக்கு அத்தான்," என்றான். அதை அங்கேயே ஓடவிட்டான். "ஏலே, அங்கிட்டு மழை பேஞ்சுச்சா? அம்மாவ மாத்திரை போடச் சொல்லு. ஞாயித்துக்கெழமை வாரேன்." அவ்வளவுதான். அவன் வரப்பில் உட்கார்ந்து அழுதான். நான் அழக்கூட வெட்கப்பட்டு நின்றேன். அந்தப் பதிவை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் வைக்கிறேன். ஒன்று வீட்டில், ஒன்று கடையில், ஒன்று பரளச்சியில் மச்சினன் வீட்டில். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து, ஓடுகிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் சர்வர் வைக்க வழி கேட்டு வருபவர்களிடம், எந்த மென்பொருள் நல்லது என்பதைப் பிறகு பேசலாம், இன்னொரு பிரதியை எந்த ஊரில் வைக்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

என் மனைவி அந்த ஒரு பதிவைக் கேட்கவே இல்லை. ஆறு வயதானபோது, மகள் ஒரு சாயங்காலம் என் போனை நோண்டித் தானாகவே அதை ஓடவிட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

"அப்பா, இது யாரு? அத்தையா பேசுறாக?"

அடுப்படியிலிருந்து என் மனைவி வந்தாள். மகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். மகள் நம்பாமல் என்னைப் பார்த்தாள்.