நாற்பத்தொரு ‘இல்லை’

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘சந்தேகம்’. தராசு காட்டும் எடையைக்கூட இரண்டு தரம் பார்க்காமல் எழுத மாட்டாள். “சந்தேகம் வந்தாச்சு, எல்லாரும் கையைக் கழுவுங்க” என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, கழுவினார்களா என்று பார்ப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் அன்று காலையிலிருந்து ஒரே கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டாள். இரண்டு வருட உழைப்பு. வலிப்பு வரும் பிள்ளைகள் பாதி, வராதவர்கள் பாதி, ஆக இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வீட்டில் புழங்கும் பூச்சிக்கொல்லிக்கும் அந்த வலிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் கேள்வி. தாய்மார்களிடம் படிவம் வைத்துக் கேட்டாள். பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தாள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நாற்பத்தொரு வீட்டில் ஒத்துப்போகவில்லை. ‘பூச்சிக்கொல்லி பயன்படுத்துகிறீர்களா?’ என்பதற்கு ‘இல்லை’ என்று இருந்தது. பிள்ளையின் சிறுநீரிலோ அது எக்கச்சக்கமாக இருந்தது.

“சிறுநீர் பிடிச்ச பாட்டிலைச் சரியாக் கழுவியிருக்க மாட்டாங்க,” என்றார் பெரிய டாக்டர். “அந்த நாற்பத்தொண்ணையும் தள்ளிடும்மா. நாலு மணிக்குள்ள அறிக்கை போகணும்.”

“தள்ளினா சம்பந்தமே இல்லைன்னு வருது சார்.”

“வந்தா வரட்டும். இல்லாததை இருக்குன்னு எழுதவா முடியும்?”

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவளைக் குடைந்தது. சம்பந்தம் இல்லை என்று ஒருமுறை அச்சேறிவிட்டால் அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்? பாட்டில்களைக் கழுவியவளும் அவளேதான். நாற்பத்தொரு தாய்மார் கூடிப் பேசிவைத்துக்கொண்டா பொய் சொல்லியிருப்பார்கள்?

பன்னிரண்டரைக்குத் தங்கை போன் செய்தாள். “சிட்டுக்கு மறுபடியும் வலிப்பு வந்துடுச்சுக்கா. அஞ்சு நிமிஷம் இழுத்துச்சு. இப்பதான் அசந்து தூங்குறா.”

அறிக்கை கிடக்கட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தங்கை மகள் சிட்டுக்கு நான்கு வயது. சொந்தக்காரப் பிள்ளையை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று சேர்க்கவில்லையே தவிர, இந்த ஆய்வு தொடங்கியதே சிட்டால்தான்.

தங்கை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள்.

“கொஞ்சம் இங்கேயே நில்லுக்கா. ரூமுக்கு மருந்து அடிச்சிருக்கேன், வாடை போகட்டும்.”

சிட்டுவின் நெற்றியைத் தொடப்போன கை அப்படியே நின்றது.

“என்ன மருந்து?”

“கொசுவுக்குத்தான். தினமும் அடிக்கிறதுதானே.”

“தினமுமா? முதன்முதல்ல அந்தப் படிவத்தை உன்கிட்டதானேடி கேட்டுப் பார்த்தேன். பூச்சிக்கொல்லி இல்லைன்னு சொன்னியே?”

“பூச்சிக்கொல்லி இல்லைதான். அது வயல்ல அடிக்கிற விஷம். இது மருந்துக்கா.” படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். படிவத்தை எழுதியவள் அவள். மேசைமேல் இருந்த அகராதியைப் பார்த்து, சுத்தமான சொல்லாகப் பொறுக்கிப் போட்டிருந்தாள். ஊரே மருந்து என்று சொல்வதை அவளும் வீட்டில் மருந்து என்றுதான் சொல்வாள். உலகத்தையே சந்தேகப்பட்டவள், தான் எழுதிய கேள்வியை மட்டும் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது.

“இனிமே அடிக்காதே. வலை கட்டிக்கோ.”

“நீதானேக்கா சொன்னே? காய்ச்சல் வந்தா வலிப்பு வரும், கொசு அண்டவே கூடாதுன்னு. அதனாலதான் கட்டிலுக்கு அடியிலயும் விடாம அடிக்கிறேன்.” சொல்லிக்கொண்டே வந்த தங்கையின் முகம் மாறியது. “ஏன்க்கா? அதனாலதான் இவளுக்கு வருதா?”

இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. ஆமாம் என்று சொல்லவும் அவளிடம் ஆதாரமில்லை.

“தெரியலைடி. அதைத்தான் கண்டுபிடிக்கணும். கேட்ட கேள்வியே தப்பு.”

வாசற்படியில் உட்கார்ந்தே பெரிய டாக்டரை அழைத்தாள். அறிக்கை இன்றைக்கு வராது, நாற்பத்தொரு பேரிடமும் மறுபடி கேட்க வேண்டும் என்றாள். “விளையாடுறியா?” என்றார் அவர். ஊரில் அதை மருந்து என்றுதான் சொல்கிறார்கள் என்றாள் அவள். “எங்க வீட்லயும் அப்படித்தாம்மா சொல்றோம்,” என்றார். “கேளு.”

போனிலேயே இருந்த பட்டியலில் முதல் தாயின் எண்ணைப் போட்டாள். தங்கை பிள்ளையை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒரே ஒரு கேள்விம்மா. வீட்ல மருந்து அடிப்பீங்களா?”

“அடிக்காம இருப்போமா? காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்,” என்றது அந்தக் குரல், பெருமையாக. “வலிப்பு வர்ற பிள்ளை இருக்கிற வீடாச்சே.”