பின்சீட்டுக்கு எடுத்த அளவு

எங்கள் தெருவில் என் அக்காவின் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லிஃப்ட்காரர் என்றால் போதும். இருபத்தெட்டு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். எனக்கு அவர் மாமா. வாய் மாமா என்று கூப்பிட்டதே தவிர, பத்தொன்பது வருஷம் நான் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் அக்காவின் இடது முட்டி. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் வண்டி விஷயத்துக்கு வரமுடியும்.

மாமாவுக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்டைப் பழுதுபார்த்தவன்தான் அதில் முதலில் ஏறவேண்டும். கடைசி மாடி வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். கட்டடத்தின் சொந்தக்காரரே அவசரமாக வந்து நின்றாலும் மாமா கதவுக்குக் குறுக்கே கையை வைத்துவிடுவார். "நான் ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன் சார், அப்புறம் நீங்க ஏறுங்க." இந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். அன்றைக்கு அவர் பழுதுபார்த்தது லிஃப்ட் இல்லை, மோட்டார் சைக்கிள்.

அது வாங்கும்போதே கிழட்டு வண்டி. உதைத்துத்தான் கிளப்பவேண்டும், அதுவும் அதற்கு மனசு வந்தால்தான் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் அதில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் இருவருக்குமே பதில் தெரியாது. அக்கா வீட்டிலிருந்தபடியே சோபா உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவள். வாரம் முழுக்க மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவள் யாரோடும் பேசமுடியாது. மொத்தப் பேச்சையும் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் உட்கார்ந்து மாமாவின் வலது காதில் கொட்டுவாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். தெருமுனை திரும்புவதற்குள் அக்கா மூன்று விஷயம் சொல்லி முடித்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பின்சக்கரத்து பிரேக்கைக் கழற்றி மாட்டினார். பிரேக் பெடலையும் கம்பியையும் சேர்க்கிற இடத்தில் ஒரு ஆணி உண்டு. அந்த ஆணி நழுவி விழாமலிருக்க அதன் துளையில் கொண்டை ஊசி மாதிரி ஒரு சின்னப் பின்னைச் சொருகி மடக்கவேண்டும். அக்கா கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாமா அவசரத்தில் அந்தப் பின்னை மறந்தார். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கவும் இல்லை. இறக்கத்தில் பெடல் தொளதொளவென்று ஆகிவிட்டது. முன்பிரேக்கைப் பிடித்தார், மணலில் வண்டி சறுக்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் முழு எடையும் அக்காவின் முட்டிமேல்.

இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. அந்தக் கால் அதற்கப்புறம் பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து நான் மாமாவைப் பார்த்துச் சொன்னேன்: "லிஃப்ட்ல ஏறுறவன் உசுரு உங்களுக்கு உசுரு. எங்க அக்கா உசுரு உங்களுக்குக் கிள்ளுக்கீரை." மாமா வண்டியை வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்தி, தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டினார். எங்கே போவதாக இருந்தாலும் பஸ்தான். பஸ்ஸில் அக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இவர் பக்கத்தில் நின்றுகொண்டே வருவார். அக்காவும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நின்றுகொண்டிருப்பவரின் காது அவளுக்கு எட்டாதே.

போன வருஷம் வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மாள் அந்தப் பக்கவாட்டுச் சந்தைக் காலி செய்யச் சொன்னார். பழைய இரும்புக்காரர் வந்து தார்ப்பாயை விலக்கினார். மாமா தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார். அக்கா காலை இழுத்தபடி வெளியே வந்து, "அது விக்கிறதுக்கு இல்ல" என்றாள். இரும்புக்காரர் போனதும் மாமாவிடம், "ரிப்பேர் பண்ணுங்க, ஓட்டலாம்" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "பட்டதெல்லாம் போதாதாக்கா?" என்றேன். அவள் காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் அந்த வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேஜைமேல் இன்ஜின். பிஸ்கட் டப்பாவில் மண்ணெண்ணெய், அதற்குள் கார்புரேட்டர். அக்காவின் பாபின் பெட்டியில் திருகாணிகள். பெட்ரோல் டேங்க்குக்குள் துரு பிடித்திருந்ததால் வினிகரை ஊற்றி, சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கவேண்டும் என்றார் மாமா. குலுக்குவது என்றால் நாள் கணக்கில். அந்த மாதம் அந்த வீட்டில் யார் டி.வி. பார்க்க உட்கார்ந்தாலும் மடியில் டேங்க் வந்துவிடும். அக்காவைப் பார்க்கப் போன நானும் குலுக்கினேன். செய்தி வாசிக்கிறவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா வண்டியைப் பழையபடி ஆக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சுவரில் ஒரு படத்தை ஒட்டி வைத்திருந்தார். கஃபே ரேசராம். ஏதோ ஓர் ஊரில் இளவட்டங்கள் ஒரு காப்பிக் கடையிலிருந்து அடுத்த காப்பிக் கடைக்குப் பந்தயம் விடுவதற்காக இப்படி வண்டியைச் செதுக்கி வைத்துக்கொண்டார்களாம். தாழ்ந்த கைப்பிடி, பின்னால் தள்ளி வைத்த கால்மிதி. ஓட்டுகிறவன் டேங்க் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்ளவேண்டும். ஐம்பத்து நான்கு வயசில் இந்த மனுஷருக்கு எதற்கு இந்த ஆசை என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மாலை நான் போனபோது கிரைண்டரை வைத்து வண்டியின் பின்பக்க இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார். வளைந்த இரும்பு கையோடு வந்தது. வண்டி பாதியில் நின்றுபோன வாக்கியம் மாதிரி மொட்டையாக நின்றது.

"இங்கதான பின்சீட்டு இருந்தது?" என்றேன்.

"ஆமா மாப்ளே." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "உக்கார இடமே இல்லேன்னா, நான் யாரையும் உக்கார வைக்க முடியாதுல்ல."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இது இளமை ஆசை இல்லை. இனி தன் பின்னால் ஒருவரும் ஏறமுடியாத வண்டி ஒன்றை அவர் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறார். மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் திருப்தியாகத்தான் இருந்தது. இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்றைக்கு அவருக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

சீட்டுக்கு அடித்தகடு வெட்டி, அளவைக் காகிதத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தார். சோபா உறை தைக்கிறவள் வீட்டில் இருக்கும்போது வெளியே போவானேன்? அக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். டேப்பை எடுத்தாள். சந்துக்குப் போய் மொட்டை வண்டியைச் சுற்றி வந்தாள். நாலு நாள் மெஷின் ஓடியது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் இருந்தேன். அக்கா சீட்டைக் கொண்டுவந்து வண்டிமேல் வைத்தாள். கறுப்பு ரெக்சின், இரட்டைத் தையல். ஆனால் சீட்டு பின்சக்கரத்துக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் தாங்க இரும்பு இல்லை. மாமா கை வைத்ததும் பின்பக்கம் கீழே சாய்ந்தது.

"அளவு தப்பிடுச்சு போல" என்றார் மாமா மெதுவாக.

"என் அளவு என்னைக்காவது தப்பியிருக்கா?"

தப்பியதில்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

"ஒருத்தர் உக்கார இவ்வளவு போதும்மா. எழுதிக் குடுத்தேனே."

"ரெண்டு பேர் உக்கார இவ்வளவு வேணும். அதான் தைச்சேன்."

மாமா சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். "மாமா செஞ்சதுதான்கா சரி. மறுபடி ஏறி இன்னொரு காலையும்..."

"நீ சும்மா இருடா." அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "முட்டி உடைஞ்சது எனக்கு. இவரு தனக்குத் தானே தண்டனை குடுத்துக்கிறாரு, நீ பத்தொன்பது வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது, உனக்கு என்ன வேணும்னு என்னைக் கேட்டீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"கால் போனதுக்கு அழுது முடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்தப் பின்சீட்டு போனதுக்குத்தான் இன்னும் அழறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்மேல் நான் வளர்த்த கோபத்தால் அக்காவுக்கு ஒரு காசுப் பிரயோஜனம் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மாமா சந்துச் சுவரிலிருந்த ஆணியிலிருந்து எதையோ எடுத்தார். அறுத்த இரும்பு. தூக்கிப் போடாமல் மாட்டி வைத்திருந்திருக்கிறார்.

வெல்டிங்காரர் வந்து ஒரு பாட்டம் திட்டினார். "அறுக்கும்போது என்னைக் கேட்டீங்களா? இப்ப மட்டும் ஒட்டணும்னா நான் வேணுமா?" குழாய்க்குள் குழாய் விட்டுப் பற்றவைத்துக் கொடுத்தார். மாமாவுக்கு அதில் திருப்தி வரவில்லை. லிஃப்டில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் பாரம் வைத்துப் பார்ப்பார்களாம், அதனால் மணல் மூட்டை கட்டி ஓட்டிப் பார்க்கவேண்டுமாம். அக்காவிடம் எடை கேட்டார். அக்கா ஒரு எடை சொன்னாள். மாமா முகத்தில் சலனமே இல்லாமல் அதோடு கால்பங்கு சேர்த்து மூட்டை கட்டினார். "எதுக்கு அவ்வளவு?" என்று அக்கா கேட்டதற்கு, "சட்டம்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்காது. அக்காவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவளுடைய டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷமாக அந்தக் காலை அவர் நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. அக்கா நடந்தால் சுவரைப் பார்ப்பார். இப்போது அந்த முட்டியில் கை வைத்தார். "எவ்வளவு மடங்கும்?"

"இவ்வளவுதாங்க."

"வலிக்குதா?"

"அழுத்தினா வலிக்கும். நீங்க அழுத்த மாட்டீங்க."

முட்டியிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்தார். இடுப்பிலிருந்து முட்டி வரைக்கும் அளந்தார். அந்தக் கணக்குப்படி இடதுபக்கக் கால்மிதியை மட்டும் தாழ்வாகவும் முன்தள்ளியும் வைத்து, பாதம் வழுக்காமலிருக்க ரப்பர் சுற்றினார். முன்பக்கம் பந்தயக் குதிரை, பின்பக்கம் சாய்வு நாற்காலி. பார்த்த வெல்டிங்காரர், "இதுக்குப் பேரு ரேசரா?" என்று சிரித்தார். "ரேசர்தான். கூட ஆள் ஏத்துற ரேசர்" என்றார் மாமா.

கிளம்புகிற நாள் காலையில் அக்கா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். மாமா உதைத்தார். ஏழாவது உதையில் வண்டி கிளம்பியது. அக்கா ஓரடி முன்னால் வந்தாள். மாமா குறுக்கே கையை நீட்டினார்.

"நான் ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன்மா. அப்புறம் நீ ஏறு."

அக்கா நின்றாள். மாமா தெருவைச் சுற்றிவிட்டு, அன்றைக்கு விழுந்த அதே இறக்கத்தில் இறங்கி ஏறிவிட்டு வந்தார். வந்தவர் வண்டியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ ஒரு தடவை பாரு."

எதை என்று கேட்கத் தேவையில்லை. நான் மண்டி போட்டுக் குனிந்து பிரேக் பெடலுக்கு அடியில் விரலை விட்டேன். அந்தக் கொண்டை ஊசிப் பின் இருந்தது. இரண்டு முனையும் நன்றாக மடக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு துளை போட்டு இரண்டாவது பின்னும் சொருகியிருந்தார். "சரியா இருக்கு மாமா" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அக்கா ஏற நான்தான் கைகொடுத்தேன். இடது கால் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வண்டி நகர்ந்து பத்தடி போவதற்குள் அக்காவின் தலைக்கவசம் மாமாவின் வலது தோள்பக்கம் சாய்வது தெரிந்தது. மாமா தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

பத்து நிமிஷத்தில் வருகிறோம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வாசல்படியில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தினேன், ஒரே தாளை இரண்டு தடவை. மூன்று மணி நேரம் கழித்து வந்தார்கள்.

"ஏன்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். அக்கா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தொண்டை கட்டிப் போயிருந்தது. மாமா வண்டியை நிறுத்திவிட்டு வலது காதைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. காற்று அடித்ததால் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது இல்லை.

"பாதிதான் ஆச்சாம் மாப்ளே" என்றார். "மிச்சம் அடுத்த ஞாயித்துக்கிழமையாம்."