கல்லுக்கு அளவெடுத்தவன்

சுவாமிக்கு உடுப்புத் தைக்கிற தொழிலில் ஒரே ஒரு கரைச்சல்தான்: உடுக்கிறவர் ஒருநாளும் குறை சொல்லமாட்டார், பார்க்கிறவர்கள் ஒருநாளும் சொல்லாமல் விடமாட்டார்கள். தையல் மெசினோடு மல்லுக்கட்டுகிற சகோதரங்களே, சட்டை தோளில் பிடிக்குது என்று ஒருவன் வந்து நின்றாலே உங்களுக்குத் தலையிடி. எனக்கு ஊர் முழுக்க வந்து நிற்கும்.

வாழைநாரும் முடிச்சும்

நீர்வேலியில் எங்கள் அம்மன் கோயில் மூலஸ்தானத்துக்குள் நான் அளவுநாடாவோடு போக முடியாது. குருக்கள் ஐயாதான் வாழைநாரால் அளந்து, இடுப்புக்கு ஒரு முடிச்சும் உயரத்துக்கு ஒரு முடிச்சும் போட்டு வெளியே நீட்டுவார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு புது நார் வரும்; ஒவ்வொரு நாரிலும் இடுப்பு முடிச்சு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

என் வாய் சும்மா கிடக்காதே. கருங்கல் என்ன கொழுக்கவா போகுது, ஒருக்கா அளந்தால் ஆயுசுக்கும் போதாதோ என்று கேட்டுவிட்டேன். போனமுறை தைத்த பாவாடை இறுகிப்போச்சு என்றார். இறுகினால் கல்லுக்கு என்ன என்றேன். விசரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அம்மாளாச்சி பிறகு எப்பிடியப்பா மூச்சு விடுறது?"

கூப்பன் கந்தோர்

உலக யுத்தம் வந்தது, பின்னாலேயே துணிக்குக் கூப்பனும் வந்தது. ஆளுக்கு ஒரு கூப்பன் என்றால் அம்மனுக்கு ஆர் தருவது? கோயில் மனேச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு கூப்பன் கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போனார்.

அங்கே கோட்டுப் போட்டு இருந்த கிளாக்கர் வட்டுக்கோட்டைக் கல்லூரியில் இங்கிலீசு படித்தவர். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் திரும்பியிருப்போம். அவர் பிரசங்கமே வைத்தார். கடவுளுக்கு உருவமில்லை, எங்கும் நிறைந்த பொருள், எங்கள் மனம் ஒரு இடத்தில் நிற்பதற்காகத்தான் பெரியோர் விக்கிரகம் வைத்தார்கள், ஆகவே விக்கிரகத்துக்குத் துணி அவசியமில்லை என்றார். எனக்கென்றால் அது நியாயமாகத்தான் பட்டது. மனேச்சரும் தலையாட்டித் தலையாட்டிக் கடைசிவரைக்கும் கேட்டார்.

"ஓம் தம்பி, எங்கும் நிறைஞ்சவதான். அப்ப இஞ்சையும் நிக்கிறா. உம்மடை கோட்டைக் கழட்டித் தாரும், போத்திவிட்டிட்டுப் போறம்."

கூறைச்சேலை

எங்கள் ஊர் நாகம்மாவின் புருஷன் மலாயாவில் றெயில்வே கிளாக்கர். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு கடிதம் நின்றுபோனது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஒருவருமில்லை. மூன்றாம் வருசம் அவள் தன் கூறைச்சேலையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அவர் சுகமாக வந்துசேர அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடனாம். இதை வெட்டிப் பாவாடை தைக்கவேணுமாம். அந்தக் காலத்தில் புதுப்பட்டுக்கு எங்கே போவது? பட்டுக்குத் துடக்கில்லை, உடுத்ததென்றாலும் தீட்டு ஒட்டாது என்று குருக்கள் ஐயாவும் சம்மதித்துவிட்டாராம்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தாலி கட்டினவனின் சங்கதி தெரியாத நேரத்தில் கூறையிலா கத்திரிக்கோல் வைப்பது? கல்லுக்குக் குளிருமில்லை, வெட்கமுமில்லை, பழைய பாவாடை போதும், கொண்டு போ பிள்ளை என்று சத்தம் போட்டேன். அவள் கோபிக்கவில்லை.

"கல்லெண்டு எனக்குந் தெரியும் அண்ணை. அவரின்ரை பேரை எடுத்தால் ஊரிலை எல்லாரும் கதையை மாத்திப்போடுகினம். கடைசிமட்டும் இருந்து கேக்கிறது அவ ஒருத்திதான்."

கொழுத்த அம்மன்

சேலையை வாங்கி வைத்துவிட்டேன். வெட்டத்தான் கை வரவில்லை. நாலு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முழுச் சேலையையும் அப்படியே கொசுவி, மடித்து, மேலால் ஒரு நூலோட்டம் ஓட்டி, நாடா வைத்துப் பாவாடை ஆக்கினேன். நூலை உருவினால் திரும்பவும் சேலை. இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

திருவிழாவன்று திரை விலகியது. அத்தனை மடிப்பும் சேர்ந்து அம்மன் பீடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள். நாகம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் தூணோடு ஒதுங்கப் பார்த்தேன், மனேச்சர் விட்டால்தானே. என் காதுக்குள் வந்து சொன்னார்.

"ஊரே மரவள்ளிக்கிழங்கு திண்டு மெலியுது, எங்கடை அம்மாளாச்சி மட்டும் நல்லாக் கொழுத்திட்டா."

பிரசாதம்

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் நாகம்மாவுக்கு மலாயாவிலிருந்து கடுதாசி வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார், கப்பலுக்குக் காத்து நிற்கிறார். செய்தியைக் கேட்ட குருக்கள் ஐயா அந்தப் பாவாடையை அவளுக்கே பிரசாதமாகக் கொடுத்திருக்கிறார். வீட்டில் வைத்து அவள் நூலைப் பிடித்து இழுக்க, கூறை முழுசாக மடியில் விழுந்திருக்கிறது. அதை அள்ளிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள்.

நேர்த்தியில் களவு செய்தவன் அல்லவோ நான்! ஏசப்போகிறாள் என்று குனிந்த தலை நிமிராமல் மெசினை மிதித்தேன். ஏன் வெட்டவில்லை என்று கேட்டாள். அவர் வந்து இறங்குகிற அன்றைக்கு நீ எதை உடுப்பாய் என்று முணுமுணுத்தேன். அவள் அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

"அவர் வருவாரெண்டு நம்பிக்கொண்டிருந்தது நானும் அந்தக் கல்லும் மட்டுமெண்டெல்லோ நினைச்சிருந்தனான், அண்ணை."

அவள் போய் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இத்தனை வருசம் வெட்டித் தைத்ததற்கெல்லாம் வராத பேர், கத்திரிக்கோலைத் தொடாத அந்த ஒரு வேலைக்கு வந்ததென்றால், இந்தத் தொழிலைப் படித்து நான் கண்டதுதான் என்ன, சொல்லுங்கள்.