நல்லபடியா முடிஞ்சுது என்று எழுதினேன்

மெஷினுக்கு ஒத்துவராத மனுஷர்களை அதன் முன்னால் உட்கார வைத்து, எப்படியாவது ஒத்துவர வைப்பதுதான் என் வேலை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "வட்டத்துக்குள் முகத்தைக் காட்டவும்", "மீண்டும் முயற்சி செய்யவும்" என்று போன் சொல்வதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கிற உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விருத்தாசலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கிற சின்ன அமைப்பு எங்களுடையது. நான் படித்தது பத்தாவது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போன பிறகு இதில் சேர்ந்தேன். அரசாங்கத்தில் ஒவ்வொரு காரியமாக போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் மாறிக்கொண்டு வருகிறது இல்லையா, அது யார் யாருக்கு வேலை செய்யவில்லை என்று பார்த்துக் குறைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எங்கள் பொறுப்பாளர் மதி அதையெல்லாம் தொகுத்து, விதிகளைத் தயார் செய்கிறவர்களுக்கு அனுப்புவார். மதிக்கு என் மூத்த மகன் வயசு. மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார். ஆக, எழுதுவதுதான் என் வேலை. ஆனால் எதிரில் ஒருத்தர் தவிக்கும்போது எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை. கைதான் முன்னால் போனது.

இமை

தனக்கொடிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பீங்கான் கம்பெனி ஒன்றில் ஃப்யூஸ் கட்டைகளை விரலால் தடவிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கிவிட்டு, நல்லதைப் பெட்டியில் அடுக்குகிறாள். உதவித்தொகை வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போனில் முகத்தைக் காட்டி, உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவள் முகத்தைக் காட்டினாள். கண்ணைச் சிமிட்டு என்றது போன். அவள் இமைகள் எப்போதும் பாதி மூடியே இருக்கும், அசையாது. ஏழு தடவை பார்த்தோம். ஏழு தடவையும் சிவப்பு எழுத்து.

என் பிள்ளைகளுக்குச் சின்ன வயசில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்ட பழக்கம் எனக்கு உண்டு. மனசுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, ஒரு விரலால் அவள் இமையைத் தூக்கி மெதுவாக விட்டேன். பச்சை டிக் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தனக்கொடி மட்டும் சிரித்தாள்.

"பொறந்ததுலேருந்து இந்தக் கண்ணு ஒரு வேலையும் செஞ்சதில்லக்கா. இன்னிக்குத்தான் கவர்மெண்டுக்கு உழைச்சிருக்குது."

திருநீறு

முருகேசனுக்கு ஒரு கால் போலியோவில் சூம்பிப்போனது. பீங்கான் கிண்ணங்களை மெருகுக் கரைசலில் முக்கி எடுக்கிற வேலை. இருபது வருஷமாக முக்கி முக்கி, அவர் விரல்களும் அந்தக் கிண்ணங்களைப் போலவே வழவழவென்று ஆகிவிட்டன. மாற்றுத்திறனாளி அட்டையைப் புதுப்பிக்க விரல் ரேகை கேட்டார்கள், விழவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினோம், தேங்காய் எண்ணெய் தடவினோம், சட்டையில் துடைத்தோம். கடைசியில் என் கைப்பையில் பழமலைநாதர் கோயில் திருநீறு மடித்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது. விரலில் ஈரம் போகட்டும் என்று அதைத் தேய்த்துவிட்டேன். உடனே எடுத்துக்கொண்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் கம்பை ஊன்றி எழுந்தார்.

"டாக்டரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தும் நம்பாத மிஷினு, சாமி சொன்னதும் நம்பிடுச்சு பாத்தீங்களாம்மா."

அஞ்சலையின் குரல்

சேத்தியாத்தோப்பு அஞ்சலை தையல்காரி. காதும் கேட்காது, பேச்சும் வராது. எந்த மனு போட்டாலும் போன் நம்பர் கேட்பார்கள், போனில் கூப்பிட்டுத்தான் விசாரிப்பார்கள். இரண்டு முறை போனை எடுக்கவில்லை என்று மனுவை மூடிவிட்டார்கள். பார்த்தேன், மூன்றாவது மனுவில் என் நம்பரையே போட்டுவிட்டேன். அவளைப் போல இன்னும் ஒன்பது பத்துப் பேருக்கு அப்படித்தான்.

ஒரு நாள் கோயிலில் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. "அஞ்சலைங்களா?" என்றார் ஒருத்தர். சாமி சந்நிதியில் பொய் சொல்லக் கூடாது என்று வரிசையை விட்டு வெளியே வந்து, "ஆமாங்க" என்றேன். ஊர், தெரு, தையல் மெஷின் எப்போது கேட்டது எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"நல்லா கணீர்னு பேசுறீங்களேம்மா, காது கேக்காது, பேச்சு வராதுன்னு இதுல தப்பா ஏத்தியிருக்காங்க. திருத்திடட்டுங்களா?"

குறைப் புத்தகம்

மதி என் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தது ஒரு தை மாசம். புது விதி வரப்போகிறது, கடலூரில் கூட்டம் போட்டு எல்லாருடைய குறைகளையும் கேட்கப்போகிறார்கள். கண் சிமிட்டவோ ரேகை வைக்கவோ முடியாதவர்களுக்கு, யாராவது ஒரு அலுவலர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுதிக்கொண்டால் போதும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மதி அதற்காக இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். அதற்கு ஆதாரம் வேண்டும்.

என் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. ஆளின் பேர், ஊர், பிறகு முடிவு. காரியம் ஆகிவிட்டால் அப்புறம் குறை ஏது என்பது என் கணக்கு. மதி பக்கம் பக்கமாகத் திருப்பினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

"மேல பிள்ளையார் சுழி, கீழ 'நல்லபடியா முடிஞ்சுது'. நடுவுல நடந்ததெல்லாம் எங்கக்கா?"

கடலூரில்

புத்தகம் கைகொடுக்காததால் ஆளையே கூட்டிக்கொண்டு போனோம். தனக்கொடி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி பஸ் ஏறினாள். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் முறை வந்தபோது தெளிவாகத்தான் பேசினாள். "சார், அது கண்ணைச் சிமிட்டச் சொல்லுது. எனக்கு அது முடியாதுங்க. வூட்டாண்ட யாராவது வந்து பாத்து எழுதிக்கிட்டா போதும்." அதிகாரி மரியாதையான மனுஷர். அவள் நம்பரைக் கேட்டு லேப்டாப்பில் தட்டிப் பார்த்தார். அதில் தவறிப்போன முயற்சிகள் நிற்பதில்லை, முடிந்த பதிவு மட்டும்தான் நிற்கும். நான் இமையைத் தூக்கிவிட்ட மூன்று வருஷமும் பச்சை டிக் இருந்தது. அறையில் இருந்தவர்கள் தனக்கொடியை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிந்தது.

அது என் விரல் சார் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏமாற்றுவேலை என்று அவளுக்கு வருவதையும் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். முருகா முருகா என்று மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி அவளைப் புண்படுத்தாமல்தான் சொன்னார்.

"முடியாதுன்னு சொல்றீங்க, ஆனா நீங்க கண்ணைச் சிமிட்டுனதுக்கு இதோ பதிவே இருக்குதேம்மா."

மறுபடியும் இமை

அந்த வரி விதியில் சேரவில்லை. அடுத்த வருஷம் போனில் அந்தச் செயலியையே மாற்றினார்கள். பக்கத்தில் இன்னொருவர் கை தெரிந்தால் இப்போது அது ஒத்துக்கொள்ளாது. என் விரல் நுனி பட்டதும் "முகத்தை மறைக்காதீர்கள்" என்றது. மூன்று நாள் முயன்றோம். நான் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதுவே நடந்தது. தனக்கொடி உயிரோடு இருப்பது உறுதியாகவில்லை என்று உதவித்தொகை நின்றுபோனது.

மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, "நானும் நடுநடுவுல வந்து பாத்திருக்கணும்க்கா" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே தனக்கொடி வீட்டுக்குப் போனேன். அன்றைக்குக் கூட்டத்தில் வாய் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேனா? என் மகன் புது போன் அனுப்பியிருக்கிறான், அதில் கேமரா நன்றாக இருக்கும், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பையிலிருந்து எடுத்துவிட்டேன். இமையை நோக்கிப் போன என் கையை அவள் அப்படியே பிடித்துக் கீழே வைத்தாள். விரிசல் விட்ட கட்டையை ஒதுக்குவாளே, அந்த மாதிரி, அழுத்தாமல்.

"போதும்க்கா. இந்தத் தடவை என்னால முடியலன்னே எழுதுங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

எழுதினேன். ஆனாலும், மெஷின் தோற்கும்போது அதைத் தோற்க விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய உத்தியோகத்துக்கு, இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒருத்தியைப் போய் எடுத்தார்களே என்று இப்போதும் சில நாள் சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.