வயித்து வலின்னு சொன்ன வீடு

எங்கள் ஆபீசுக்கு ராஜபாளையத்தில் வைத்த பேர் சாவு ஆபீஸ். ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி செய்கிற கம்பெனி ஒன்றின் குடோனுக்கு மேல் மாடி. வாசலில் மன அதிர்ச்சி, தற்கொலை, ஆய்வு என்று நீளமாகப் பலகை தொங்கும். அதை யார் நின்று படிக்கிறார்கள்? மினிபஸ் கண்டக்டர், "சாவு ஆபீஸெல்லாம் எறங்கு" என்று கூவுவார். எறங்குவது நான் ஒருத்திதான். "ஒம்ம வாயில ஒருநாளாவது நல்ல வார்த்த வருதான்னு பாக்கேன்யா" என்று திட்டிக்கொண்டே எறங்குவேன். எனக்கும் வாய் நீளம்தான்.

என் வேலை இதுதான். தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டுக்கு, சில மாதம் கழித்து, வீட்டார் சம்மதித்தால் போக வேண்டும். இறந்தவரின் கடைசி நாட்கள் எப்படிப் போயின, தூங்கினாரா, யாரிடமாவது பேசினாரா என்று கேட்டு எழுதி வர வேண்டும். அடுத்தவர் ஒருவரையாவது காப்பாற்ற அது உதவாதா என்றுதான். எங்களை நடத்துகிற டாக்டரம்மா சில விஷயங்களில் ரொம்பக் கறார். இறந்தவரைக் குற்றவாளி மாதிரிப் பேசக்கூடாது. 'நீங்க ஏன் கவனிக்கல' என்ற கேள்வி வாயிலிருந்து வரவே கூடாது. ஒருவர் தனியாகச் சொன்னதை அதே வீட்டில் இன்னொருவரிடம் மூச்சு விடக்கூடாது. ஆராய்ச்சி கெட்டால் கெடட்டும், உயிரோடு இருக்கிற ஆள் கெடக்கூடாது. இதெல்லாம் சரியென்று தலையாட்டித்தான் வேலையில் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இப்படி இறந்தவர் யாராக இருந்தாலும் வீட்டார் சொல்கிற காரணம் வயித்து வலி. கல்யாணமான பெண்ணுக்கும் வயித்து வலி, காலேஜ் போகிற பையனுக்கும் வயித்து வலி, தோப்பும் துரவுமாக இருந்த பெரிய மனுசருக்கும் வயித்து வலி. தீராத வயித்து வலி, பொறுக்க முடியவில்லை, அம்புட்டுதான். சொல்கிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். வீட்டு மானம் போகாது, மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்குச் சம்பந்தம் தட்டாது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 'ஊர்ல இருக்கிற வயித்து வலிக்கெல்லாம் வைத்தியம் பாக்கணும்னா நம்ம ஆஸ்பத்திரி பத்தாது' என்று ஆபீசில் கேலிகூடப் பேசியிருக்கிறேன். சேத்தூர் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கேலி நின்றுபோனது.

அந்த வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அவரை அண்ணாச்சி என்றும், அவர் சம்சாரத்தை அக்கா என்றும் கூப்பிட்டேன். ஒரு மகள், ஒரு மகன். மகன்தான் போய்ச் சேர்ந்தவன். அண்ணாச்சி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே, "வயித்து வலிம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கு. எங்கிட்டதான் சொன்னான், அவன் அம்மாகிட்ட சொல்லல" என்றார். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். துருவக்கூடாது என்பது எங்கள் விதி.

மத்தியானம் என்னைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அக்கா இலை போட்டது. சோறு, வெறும் பாசிப்பருப்பு, வேகவைத்த புடலங்காய். மிளகாய் இல்லை, புளி இல்லை, தாளிப்பு இல்லை. அண்ணாச்சி தலையைக் குனிந்து அதைத்தான் தின்றார். மகளும் அதைத்தான். "பத்தியமாக்கா? யாருக்கு?" என்று கேட்டேன். மகள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா அடுப்படிக்குப் போய்விட்டது.

நானும் பின்னாலேயே போனேன். அக்காவே ஆரம்பித்தது. "நாந்தான் தாயி கொன்னேன்."

அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மொத நாள் மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு வச்சேன். அவனுக்கு உசுரு. ரெண்டு மட்டம் கேட்டு வாங்கித் தின்னான். வயித்து வலிக்காரன்னு எனக்கு யாரு சொன்னா? புளியும் மொளகாயுமா அள்ளி ஊத்துனேனே பாவி. அந்த வலியிலதான துடிச்சுப் போயிட்டான்."

எங்கள் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததில் இன்னொன்று உண்டு. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காதே, நேராகக் கேள். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டேன். "அக்கா, செத்துப் போயிரலாமுன்னு ஒங்களுக்குத் தோணுதா?"

"தோணாம என்ன? தெனம் ஒலை வைக்கும்போது தோணும்" என்றது, மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

அன்றைக்கு அந்த வீட்டைவிட்டு நான் சீக்கிரம் கிளம்பவில்லை. அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அக்காவின் சம்மதத்தோடு மகளையும் அண்ணாச்சியையும் உட்காரவைத்து, அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று பேசினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு ஆனது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அண்ணாச்சி கூட வந்தார். பஸ் வந்தது, போனது, அவர் என்னை ஏறவிடவில்லை. "வயித்து வலியெல்லாம் இல்லம்மா" என்றார். பையன் போலீஸ் செலக்சனுக்கு ஓடி ஓடித் தோற்றவன். கடைசியாகத் தோற்ற சேதி சாவதற்கு முந்தின சாயங்காலம் வந்தபோது அப்பா சொன்னது, 'இனி எம் மூஞ்சில முழிக்காத.' பையன் போன பிறகு எழுதிக்கொடுக்கப் போலீஸ் ஸ்டேசனுக்குக் கூட வந்த சொந்தக்காரர் ஒருவர், வயித்து வலின்னு சொல்லிக்கிடுவோம் என்றிருக்கிறார். இவரும் சரியென்றார். அங்கே சொன்னதையே வீட்டிலும் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஒத்த வார்த்தையில போற உசுரு இல்ல அண்ணாச்சி" என்றேன். அது சமாதானத்துக்குச் சொன்னது இல்லை. பல மாதமாகப் பையன் தூங்கவில்லை, கிரிக்கெட்டை விட்டான், கூட்டாளிகளை விட்டான் என்று காலையில் நான் கேட்டு எழுதியபோது அவரே சொல்லியிருந்தார். அது ஒரு நோய் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஆனா அக்கா தன்னையே குத்தவாளியாக்கிக்கிட்டு நிக்குதே. நீங்க சொல்லிருங்க."

"மக கல்யாணம் முடியட்டும்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆபீசுக்கு வந்து டாக்டரம்மாவிடம் கத்தினேன். "ஒரு பொம்பள உப்பு ஒறப்பு இல்லாம சாவை நெனச்சுக்கிட்டு இருக்கா. நெசம் எனக்குத் தெரியும். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கேன்?" அந்தம்மா கத்தவில்லை. "அது அவர் சொல்ல வேண்டியது. நாம சொல்லிட்டோம்னா அந்த வீட்ல இனி ஒருத்தர ஒருத்தர் நம்ப மாட்டாங்க. அவரைச் சொல்ல வைக்கப் பாரு" என்றார். சரிதான். சரியென்று தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் பல மாதம் அந்த வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். அக்கா மாத்திரை எடுத்தது, கொஞ்சம் தூங்கியது, சாவு நினைப்பு குறைந்தது என்றது. மிளகாயை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சியைத் தனியே பார்த்துக் கேட்பேன். ஒவ்வொரு முறையும் மகளுக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கும். அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. ஒரு மனுசர் வாயைத் திறக்க, ஒரு பொம்பளை எத்தனை நாள் சப்பென்று தின்ன வேண்டியிருக்கிறது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருநாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வர மத்தியானமாகிவிட்டது. அக்கா, அண்ணாச்சி, நான் மூன்று பேரும் பக்கத்து மெஸ்ஸில் உட்கார்ந்தோம். சோறு வைத்தார்கள். பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு வந்து அண்ணாச்சி இலைக்கு நேராகக் கரண்டியைச் சாய்த்தார். அக்கா சட்டென்று இரண்டு கையையும் அந்த இலைமேல் விரித்து வைத்தது. குழம்பு அதன் கைமேல் கொட்டியது. சூடு. கையை எடுக்கவில்லை.

"வேண்டாம், வேண்டாம்" என்றது. "ஒரு வயித்துக்கு ஊத்தினது போதும்."

மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்தார். தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, அத்தனை பேர் நடுவில், "அவனுக்கு வயித்து வலியே கெடையாது" என்றார். "நாஞ்சொன்னது பொய். எம் மூஞ்சில முழிக்காதன்னு சொன்னேன். அத மறைக்க வயித்து வலின்னேன்."

கத்தும், அடிக்கும், எழுந்து போகும் என்று நான் பயந்தேன். அக்கா ரொம்ப நேரம் அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு கேட்டது.

"அப்ப அந்தக் கொழம்ப வலியோட திங்கலையா?"

"இல்ல."

"ருசிச்சுத்தான் தின்னானா?"

"ருசிச்சுத்தான் தின்னான். நானும் பக்கத்துல இருந்தேம்லா."

அக்கா அழுதது. ஓங்கி, எந்த மறைப்பும் இல்லாமல் அழுதது. பரிமாறுகிறவர் வாளியோடு அங்கேயே நின்றார், பாவம். ஒரு வழியாக அழுது முடித்து, இலையில் கொஞ்சம் குழம்பு வாங்கிப் பிசைந்து ரெண்டு வாய் தின்றது. அண்ணாச்சி கைவைக்கவில்லை.

அடுத்த மாதம் டாக்டர் ரூமுக்குள் போனவர் அண்ணாச்சி. வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் அக்கா. அக்காவுக்கு அவர்மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இருந்தது. நான் நினைத்த கோபம் இல்லை.

"அந்த வார்த்தைய அவிய சொல்லியிருக்க வேண்டாம். சரி, சொல்லிட்டாக. எந்த வீட்டுலதான் திட்டல?" என்றது. கையில் மெஸ் குழம்பு பட்ட சூட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது. "ஆனா இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தாகன்னா, ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்லா தாயி? ஒரே வீட்டுக்குள்ள அவிய கொல்லையில அழுதிருக்காக, நான் அடுப்படியில அழுதிருக்கேன்."