நாலு வண்ணப் பேனாவில் தீர்ந்துபோன கறுப்பு

போன மாதம் குகட்பள்ளிக்கு வீடு மாறியபோது, பழைய ஃபைல் ஒன்றிலிருந்து ஒரு நாலு வண்ணப் பேனா தரையில் விழுந்து உருண்டது. தலையில் நான்கு பொத்தான்கள் வைத்த தடித்த பேனா. பேப்பர் ஓரத்தில் ஒவ்வொன்றாக அழுத்திக் கிறுக்கிப் பார்த்தேன். சிவப்பு எழுதியது, நீலம் எழுதியது, பச்சை கொஞ்சம் அடம்பிடித்துவிட்டு எழுதியது. கறுப்பு மட்டும் பேப்பரைக் கீறியது. இத்தனை வருடமாக மூன்று வண்ணம் காயாமல் இருந்ததே அதிசயம் என்றார் என் கணவர். எனக்குக் கொடுக்கப்பட்டது கறுப்பு மட்டும்தான், மற்ற மூன்றை நான் தொட்டதேயில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்லும் மனநிலையில் நானும் இல்லை.

பேனாவை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் டீம் லீட். பேர் வேண்டாம். எங்கேயோ நன்றாக இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும். ஹைதராபாதில் மாதத்துக்கொரு கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கட்டடங்களில் ஒன்றில் எங்கள் வேலை, வெளிநாட்டுக் கார் பந்தயங்களில் எந்தக் கார் எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணும் மென்பொருளைக் கவனித்துக்கொள்வது. கார் ஓடுவது கடல் தாண்டி, எண்ணுவது இங்கே. எங்களில் ஒருவர்கூட அந்த மாதிரி ஒரு காரை நேரில் பார்த்ததில்லை. நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஹப்சிகுடாவில் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். டெஸ்டர் வேலை, அதுவும் கான்ட்ராக்டில். டீமில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் லீடும் மட்டும்தான். அவர் திருச்சிக்காரர், குடும்பத்தோடு தார்நாகாவில் இருந்தார்.

கான்ட்ராக்ட் என்றால் என்ன என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டேன். நிரந்தர ஊழியர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை, எங்களுக்கு ஆரஞ்சு. தார்நாகாவிலிருந்து வரும் கம்பெனி பஸ் என் ஹாஸ்டல் வாசலில்தான் நிற்கும். ஒருநாள் லீட் உள்ளேயிருந்து கைகாட்டி என்னை ஏறச் சொன்னார். படியில் கால் வைத்துவிட்டேன். செக்யூரிட்டி பையன் கையிலிருந்த தாளைப் பார்த்தான், என் பட்டையைப் பார்த்தான். "நக்கோ மேடம், லிஸ்ட்ல பேரு இல்ல" என்று ஊர் உருதுவோடு தனக்குத் தெரிந்த தமிழையும் கலந்து மரியாதையாகத்தான் சொன்னான். இறங்கிக்கொண்டேன். லீட் ஜன்னல் வழியாக உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், தினமும் காலையில் அந்த பஸ் போவதைப் பார்த்துவிட்டு, இரண்டு சிட்டி பஸ் மாறி, வியர்த்து வழிந்து அதே ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அந்த லிஸ்டில் என் பேர் வர வேண்டும். சிரித்தால் சிரியுங்கள், கனவில்கூட எனக்கு அந்த நீலப் பட்டைதான் வந்தது.

பந்தயங்களில் பெரியது ஆறு மணி நேரம் ஓடும். ஒரே பாதையில் நாலு வகுப்புக் கார்கள் சேர்ந்து ஓடும். முதல் வகுப்பு விமானம் மாதிரி பறக்கும், நாலாவது வகுப்பு கிட்டத்தட்ட ரோட்டில் ஓடுகிற கார். வேகமான கார்கள் பின்னால் வந்தால் இவை ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக முதல் பரிசு உண்டு. அதனால் கடைசியில் ஊர்ந்துபோகிற காரும் தன் வகுப்புக் காரோடு உயிரைக் கொடுத்துப் போட்டி போடும். எங்கள் டீமில் நாலாவது வகுப்பை 'காயலாங்கடை கிளாஸ்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். புரோகிராம் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஆள் வீடியோவைப் பார்த்துக் கையாலும் எண்ண வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் லீட்தான். ஆளுக்கொரு நாலு வண்ணப் பேனா வாங்கி வந்தார். முதல் வகுப்புக்குச் சிவப்பு, இரண்டுக்கு நீலம், மூன்றுக்குப் பச்சை. காயலாங்கடை யாருக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டுமா?

நான் சொல்லவந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் கிழக்கே ஏதோ ஒரு நாட்டில், நமக்குக் காலை ஏழரைக்கு ஆரம்பித்தது. ஞாயிறு பஸ் கிடையாது, லீடுக்குக் கார் அனுப்புவார்கள். போகிற வழியில் ஹாஸ்டல் வாசலில் நிறுத்தி என்னையும் ஏற்றிக்கொள்வார், தட்டிக்கேட்க செக்யூரிட்டி கிடையாது என்பதால். அவர் மனைவி எனக்கென்று தனி டப்பாவில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்புவார். நல்ல மனிதர்தான். இதை எழுதும்போது எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

என் வகுப்பில் ஐந்து கார்கள். மூன்று மணி நேரத்தில் மூன்று படுத்துவிட்டன. மிச்சம் ஒரு வெள்ளைக் காரும் ஒரு மஞ்சள் காரும். வெள்ளைக் கார் புகைந்துகொண்டே பிட்டுக்குள் வந்தது. பிட் என்பது பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் கார்கள் ஒதுங்கும் சந்து. பந்தயக் கோடு அந்தச் சந்துக்கும் குறுக்கே நீளும், கோட்டுக்கு அடியில் கம்பி புதைத்திருப்பார்கள். கார் அதைத் தாண்டினால் ஒரு சுற்று. வெள்ளைக் கார் கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு சுற்று, சரி. அதன் ஷெட் கோட்டுக்கு முந்திய பக்கம் இருந்தது. நாலு பேர் காரைப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே நிறுத்தினார்கள். உடனே திரும்பித் தாண்டியதைப் புரோகிராம் எண்ணவில்லை. அரை மணி நேரம் ரிப்பேர் பார்த்து வெளியே வந்த கார், மறுபடியும் அதே கோட்டைத் தாண்டியது. புரோகிராம் அதற்கும் ஒரு சுற்று போட்டுவிட்டது. கார் ஒரு அடிகூட ஓடவில்லை, ஒரு சுற்று இனாம்.

கடைசியில் புரோகிராம் கணக்கில் இரண்டு காருக்கும் சம சுற்று. கொடி விழும்போது வெள்ளைக் கார் கொஞ்சம் முன்னால் இருந்தது. வெள்ளைக்கு முதல் பரிசு என்று திரையில் வந்தது. என் தாளில் மஞ்சள் ஒரு சுற்று அதிகம். மூன்று தடவை எண்ணினேன். மஞ்சள் கார்க்காரர்களை வீடியோவின் மூலையில் ஆறு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஓட்டுநர்கள், ஒரு மெக்கானிக், ஒரு நடுத்தர வயதுப் பெண். அவள் குடைக்கடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, கார் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் ஒரு கோடு போட்டாள். என்னை மாதிரியே. இங்கே நான் போடும்போது அங்கே அவளும் போடுவாள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து மெயில் வந்தது. பந்தயம் நடத்துகிறவர்கள் அதை எங்களுக்கு அனுப்பி, சரிபார்த்துப் பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். எட்டு வருடமாக இந்தப் பந்தயத்துக்கு வருகிறோம், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, தயவுசெய்து இன்னொரு முறை எண்ணிப்பாருங்கள் என்று எழுதி, தன் தாளையும் படமெடுத்து இணைத்திருந்தாள். என் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு லீடிடம் ஓடினேன். சபாஷ் என்பார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன், பைத்தியக்காரி.

சின்ன மீட்டிங் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு தாளையும் நிதானமாகப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இத ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷ ரேஸ் எல்லாத்தையும் தோண்டுவாங்கம்மா. புராஜெக்டே போயிடும். அந்தக் கடைசி கிளாஸ யாரு பாக்குறா?"

"அந்தம்மா பாத்திருக்காங்களே சார்."

அவர் இரண்டு தாளையும் மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு ரொம்ப மெதுவாக, மிரட்டுகிற தொனியே இல்லாமல், "வெள்ளிக்கிழம கன்ஃபர்மேஷன் லிஸ்ட் போகுது. உன் பேருக்கு நான்தான் கையெழுத்துப் போடணும்" என்றார்.

"சரி சார்" என்றேன். இவ்வளவுதான். அழவில்லை, வாதாடவில்லை. ஒரு ராத்திரி யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. பதிலை நானே டைப் செய்தேன். பதிவுகள் முழுவதும் சரிபார்க்கப்பட்டன, வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. கீழே என் பேர். கறுப்பு மையில் எழுதிய தாள் கீபோர்டுக்கு அடியில் மடித்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் வந்தது. என் பேர் இல்லை. சிவப்பு, நீலம், பச்சைக்காரர்களில் ஒருவருக்கு ப்ரமோஷன். லீட் காபி மெஷின் பக்கத்தில் என்னைப் பிடித்து, "மேலயே வெட்டிட்டாங்கம்மா, நான் என்ன பண்றது" என்றார். பொய் சொன்னாரா, நிஜமா, இன்றுவரை தெரியாது. மறுமாதம் அவர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு ஆன்சைட் கிளம்பினார். எனக்கு அதே மாதம் கான்ட்ராக்ட் முடிந்தது. ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றி ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். போட்டுக்கொடுக்கலாம் என்று எத்தனையோ தடவை கை துறுதுறுத்தது. எப்படிப் போட்டுக்கொடுப்பது? பதிலின் கீழே இருந்தது என் பேர்தானே. அடுத்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டபோது அவர் உடனே அனுப்பினார். மிகக் கவனமான பெண், எண்ணிக்கையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தால்தான் வேலை கிடைத்தது, நீலப் பட்டையும் கிடைத்தது. இன்றைக்கு எனக்குக் கீழே முப்பது டெஸ்டர்கள் இருக்கிறார்கள். ஹப்சிகுடா வழியாக மெட்ரோவில் போகும்போது அந்த ஹாஸ்டல் வாசல் வந்தால் ஃபோனைப் பார்த்துக்கொள்கிறேன்.

இத்தனை வருடமும் லீடைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். கணவரிடம், தோழிகளிடம், தனியாகப் பாத்திரம் தேய்க்கும்போதுகூட. கேட்டவர்கள் எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள். அவர்கள் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. கீறுகிற பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

நான் பதில் அனுப்பிய மறுநாள், புதன்கிழமை, அந்தப் பெண் மறுபடியும் எழுதினாள். இவ்வளவு சிரத்தையாகச் சரிபார்த்ததற்கு நன்றி, வெயிலில் நான்தான் தவறாக எண்ணியிருப்பேன், உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள் என்று இருந்தது. அந்த மெயில் எனக்கு மட்டும் வந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. பதில் போடாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பரவாயில்லை, இப்படித் தவறுவது எல்லாருக்கும் நடப்பதுதான், அடுத்த வருடத்துக்கு வாழ்த்துகள் என்று பதில் போட்டேன். அதை எழுதச் சொல்லி லீட் என்னிடம் சொல்லவே இல்லை.